பரம்பரைப் பதிவேடும் வர்க்க எல்லையும்: ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் பற்றிச் சில குறிப்புகள்

1908ஆம் ஆண்டு கொழும்பிலே தாபிக்கப்பெற்ற ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 2008ஆம் ஆண்டு தனது நூற்றாண்டைக் கண்டது. நூறு ஆண்டுகள் நிலைத்து நின்ற பண்பாட்டு நிறுவனங்கள் இந்நாட்டில் அதிகம் இல்லை. அச்சங்கம் தோன்றிய ஆண்டிலேயே தொடங்கப்பெற்ற சஞ்சிகையும், அதிலே தொடர்ந்து பதிப்பிக்கப்பட்ட குடும்ப வமிசாவளிகளும் இலங்கையின் ஒல்லாந்தர் கால வரலாற்றை ஆராய்வோர் ஒதுக்கிவிட முடியாத ஆதாரங்களாகும். எனினும், ஆண்டு நிறைவுகளின்போது இத்தகைய சங்கங்கள் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளும் வரலாறு வேறு; அவை தோன்றுவதற்கு ஏதுவாயிருந்த சமூக வரலாறு வேறு. கடல் கடந்து வந்து குடியேறிய முன்னோரை ஒரு குழுவினர் போற்றுதல் இயல்பே. ஆயின், ஒவ்வொருவருக்கும் பல வழிகளில் முன்னோர் பலர் இருக்க, அவருள் எவரைத் தெரிந்தெடுத்துப் போற்றுகின்றனர், அத்தெரிவு எக்காலத்தில் அவசியமாயிற்று, அதனால் விலக்கப்பட்டோர் யாவர் என்பனவே ஆய்வாளனுக்குரிய வினாக்கள். அவ்வினாக்களை இச்சங்கத்தை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'பறங்கி' என்னும் சொல் அரபு, பாரசீக மொழிகளில் ஐரோப்பியரைக் குறித்த சொல்லின் வழியாகத் தமிழிற் புகுந்து, போர்த்துக்கேயருக்குச் சிறப்பாக உரியதாகி, பின்னர் அவர்தம் வழித்தோன்றல்களையும் ஒல்லாந்தரின் வழித்தோன்றல்களையும் ஒருங்கே சுட்டலாயிற்று. எமது குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளின் தமிழ் வடிவத்திலும் 'பறங்கியர்' என்ற ஒரே சொல்லே உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் 'பேர்கர்' என்பதோ நகரப் பிரசை எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்தது. கம்பனி ஆட்சியில் அஃது ஓர் இனத்தின் பெயராக இருக்கவில்லை. கம்பனியிடம் சம்பளம் பெறாது, நகரத்திலே கடை வைக்கவும் தொழில் செய்யவும் உரிமை பெற்று வாழ்ந்தோரின் சட்ட அந்தஸ்தையே அது குறித்தது. 1796 பெப்ரவரியிற் கொழும்புக் கோட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டதும் கம்பனி ஆட்சி மறைந்தது. கம்பனி உத்தியோகத்தர் என்ற பிரிவும் அதனோடு மறைந்தது. இங்கேயே தங்கிவிட்டோர் அனைவருக்கும் அப்பெயர் பொதுப்பெயராயிற்று. தமிழ்ச் சொல் ஒன்றுசேர்த்துக் கூறியதைப் பிரித்துக் காட்டுதற்கே 1908இல் அமைந்த சங்கம் தன் பெயரில் 'ஒல்லாந்த' என்னும் அடையைச் சேர்த்துக்கொண்டது எனலாம்.

அந்த அடைமொழி சுட்டும் ஒல்லாந்தர் யாவர்? 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தான் நிலவிய இரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைத் தன் கப்பல்களில் ஆசியாவுக்கு அனுப்பியது. திரும்பிச் சென்றோர் அவருட் பாதிக்கும் குறைவு. உயர் பதவி பெற்று வந்த ஒரு சிலரை நீக்கின், ஏனையோர் படைவீரரும் மாலுமிகளும் தச்சரும் கொல்லரும் பீப்பாய் செய்வோருமாவர். அவர்கள் எல்லாரும் ஒல்லாந்தர் என்பதும் இல்லை. ஜெர்மானியச் சிற்றரசுகளிலிருந்தும் ஸ்கன்டிநேவியாவிலிருந்தும் பிளாண்டேர்சிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பிழைப்புத் தேடி அம்ஸ்ரடாம் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த வறியோர் பெருந்தொகையினர். அங்கே அவர்களுக்கு உணவும் உறையுளும் கடனாகக் கொடுத்து, கப்பல் புறப்படும் நாள்வரை வைத்திருந்து, பின் கம்பனியிற் சேர்த்துவிட்டு அவர்கள் எதிர்காலச் சம்பளத்தின்மீது கடன்சீட்டுப் பெற்றுக்கொள்ளும் தரகர் கூட்டம் ஒன்று இருந்தது. மக்கள் அத்தரகரை 'ஆன்மாக்களை விற்போர்' என்று அழைத்தனர். பெருந்தோட்டங்களுக்கு ஆட்சேர்த்த கங்காணியையும், தொழிலாளியின் கடன் தொகையைத் தாங்கித் தோட்டத்துக்குத் தோட்டம் சென்ற 'துண்டு' முறையையும் அறிந்த எமக்கு இவ்வேற்பாடு அந்நியமானதன்று. வணிக முதலாளித்துவம் தனக்கு வேண்டிய உழைப்பை ஐரோப்பாவின் வறுமையிலிருந்து எவ்வாறு திரட்டிற்றோ, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தோட்ட முதலாளித்துவம் தென்னிந்தியாவின் வறுமையிலிருந்து அவ்வாறே திரட்டிற்று. நூற்றாண்டு விழாக்களிற் போற்றப்படும் வந்தேறு முன்னோரின் பெரும்பகுதியினர் கடன்பட்ட கூலி உழைப்பாளரே என்பதை இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். இது அவர்களுக்கு இழிவு அன்று, மறைக்கப்படுவதே இழிவு.

வந்தவர் ஆண்கள். ஐரோப்பியப் பெண்கள் மிகச் சிலரே இங்கு வந்தனர். 1646 முதல் 1650 வரை தேசாதிபதியாயிருந்த மாற்சைக்கர், குடியேற்றம் நிலைபெறவேண்டின் கம்பனி ஊழியர் இந்நாட்டிலேயே மணம் செய்துகொள்ளல் வேண்டும் என்ற கொள்கையுடையவராயிருந்தார். மணமகளிர், போர்த்துக்கேயர் காலத்திலே தோன்றிய கலப்புக் குடும்பங்களிலிருந்தும் உள்ளூர்ச் சமூகங்களிலிருந்தும் வந்தனர். விடுதலை பெற்ற அடிமைப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்றும் தமிழிற் கொம்பனித்தெரு என்றும் வழங்கும் கொழும்பின் பகுதி, அவ்வடிமைகளையும் அவர்தம் உடைமையாளரையும் இரு மொழிகளிற் பகிர்ந்து நினைவூட்டுவது ஒரு விந்தை.

தாயர் வீட்டிற் பேசிய மொழியே பிள்ளைகளின் மொழியாயிற்று. அது போர்த்துக்கேயக் கிரியோல். ஆட்சியாளர் இதனை விரும்பவில்லை. பதினேழாம் நூற்றாண்டிற் கொழும்பிலே, ஒல்லாந்த மொழி பேசக் கற்றுக்கொள்ளாத அடிமைகள் தலைமயிர் வளர்த்தலாகாது என்று கட்டளையிடுமளவுக்கு அவர்கள் சென்றனர். கட்டளை பயனளிக்கவில்லை. நாட்டை இழந்த போர்த்துக்கேயரின் மொழி ஒல்லாந்தரின் அடுக்களையிலும் தொட்டிலருகிலும் ஆட்சி செய்தது. ஒல்லாந்த மொழியோ தேவாலயத்திலும் கந்தோரிலும் தங்கி, ஆங்கிலேயர் ஆட்சியிற் சில தலைமுறைகளுள் வழக்கொழிந்தது. 'கந்தோர்' என்ற அச்சொல்லும் ஒல்லாந்த மொழி எமக்கு விட்டுச் சென்றதே. வீட்டுப் பொருள்களின் பெயர்களோ, அலுமாரி, கதிரை, சப்பாத்து, யன்னல் எனப் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. உணவும் இவ்வுண்மையையே கூறும். பறங்கியர் விருந்தின் சிறப்புணவாகிய லம்பிரயிஸ், வாழையிலையிற் பொதிந்த சோறும் கறியும், ஐரோப்பிய முறையிற் செய்த இறைச்சி உருண்டையும், மலாய் மக்களின் கூனி இறாற் சம்பலும் ஒன்றுசேர்ந்தது. அப்பொதியை அவிழ்ப்பவன் தந்தைவழிப் பட்டியல் மறைத்த முன்னோரையெல்லாம் ஒரே இலையிற் காண்பான்.

ஆங்கிலேயர் ஆட்சியின் முதல் அரை நூற்றாண்டில் இச்சமூகத்தின் நிலை உயர்ந்தது. நீதிமன்றங்களிலும் திணைக்களங்களிலும் ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞர் வேண்டியிருந்தனர். கிறித்தவராயும் நகரவாசிகளாயும் உத்தியோக மரபினராயும் இருந்த பறங்கியர் அவ்விடங்களை நிரப்பினர். 1830ஆம் ஆண்டளவிற் கோல்புறூக் ஆணைக்குழுவின் முன் பிரதம நீதியரசர் ஒட்லி அளித்த விளக்கமே 'பேர்கர்' என்பதற்கு நெடுங்காலம் வரைவிலக்கணமாயிருந்தது. தந்தைவழி முன்னோன் ஐரோப்பியனாயிருந்து, பெற்றோர் முறைப்படி மணம் புரிந்திருப்பின், தாய் யாராயிருப்பினும், எத்தனை தலைமுறை கழிந்திருப்பினும் பிள்ளை பறங்கியனே என்பது அதன் சாரம். இவ்வரைவிலக்கணத்தில் இரு கூறுகள் கவனத்துக்குரியன. ஒன்று, தாய் கணக்கில் எடுக்கப்படவில்லை. மற்றையது, போர்த்துக்கேயர் வழியினரும் ஒல்லாந்தர் வழியினரும் வேறுபடுத்தப்படவில்லை. முதற்கூறு 1908இற் பேணப்பட்டது. இரண்டாவது கூறு கைவிடப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இச்சமூகத்தின் முற்போக்கான காலம். மாத்தறையிற் பிறந்த சாள்ஸ் அம்புரோஸ் லொறென்ஸ் (1829–1871) 1850இல் 'இளம் இலங்கை' எனப் பொருள்படும் சஞ்சிகையின் மூலவருள் ஒருவராகவும், 1859 முதல் 'எக்சாமினர்' பத்திரிகையின் வழியாகவும் இந்நாட்டவரின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். 1864இல் இராணுவச் செலவு தொடர்பாகச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பதவி துறந்தபோது அவரும் அவர்களுள் ஒருவர். லொறென்ஸின் எழுத்திலே வெளிப்படுவது இலங்கையர் என்ற உணர்வு. அக்காலத்தில் ஒல்லாந்தப் பறங்கியருக்கென ஒரு சங்கம் தேவைப்படவில்லை. போட்டியாளர் இல்லாத இடத்தில் எல்லைக்கோடு எதற்கு?

அரை நூற்றாண்டு கழிய நிலைமை மாறிவிட்டது. கோப்பி, தெங்கு, காரீயம், சாராயக் குத்தகை ஆகியவற்றாற் செல்வம் திரட்டிய சிங்கள முதலாளிகளின் பிள்ளைகள் இங்கிலாந்து சென்று சட்டமும் மருத்துவமும் கற்று மீண்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிற் பயின்ற தமிழ் இளைஞர் எழுதுவினைஞர் பரீட்சைகளிற் போட்டியிட்டனர். பறங்கியருக்கு நிலமும் இல்லை, மூலதனமும் இல்லை. ஆங்கிலமும் உத்தியோகமுமே அவர்தம் சொத்து. அச்சொத்து பிறருக்கும் உரியதாகியபோது, பிறர் பெறமுடியாத ஒன்றை அவர்கள் தேடவேண்டியதாயிற்று. அத்தகைய பொருள் ஒன்றே: பிறப்பு. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 35 இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தொகையிற் பறங்கியரும் யூரேசியரும் சேர்ந்து ஏறத்தாழ 23,000 பேரே. சங்கம் தோன்றிய அதே 1908ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் பீரிஸ் சட்டநிரூபண சபைச் சீர்திருத்தம் வேண்டி விண்ணப்பம் அனுப்பினார். 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தெரிவுசெய்யப்படும் நான்கு இடங்களை அளித்தபோது, ஐரோப்பியருக்கு இரண்டும், கல்விகற்ற இலங்கையருக்கு ஒன்றும், பறங்கியருக்கெனத் தனியே ஒன்றும் ஒதுக்கப்பட்டன. மேலைக்குடியேற்ற ஆட்சியில் இனப் பிரிவு வெறும் உணர்ச்சியன்று. ஆசனமும் உத்தியோகமும் அதனைத் தழுவி நின்றன. இந்தப் பின்னணியிலன்றிச் சங்கத்தின் தோற்றத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது.

சங்கத்தில் உறுப்புரிமை பெறவேண்டின், ஒல்லாந்தக் கம்பனியின் சேவையிலோ ஆட்சியின் கீழோ இலங்கையில் இருந்த ஐரோப்பியன் ஒருவனிலிருந்து தந்தைவழியில் இடையறாது வந்தமை காட்டப்படல் வேண்டும். இவ்விதி நுணுகி நோக்கற்பாலது. அது ஒல்லாந்த தேசத்திற் பிறந்திருக்கவேண்டும் எனக் கூறவில்லை. ஜெர்மானியனும் சுவீடனியனும் பிரெஞ்சுக்காரனும் கம்பனியில் ஊழியம் செய்தமையால் ஒல்லாந்தனாயினர். ஒரு வணிக நிறுவனத்தின் சம்பளப் பட்டியலே ஓர் இனத்தின் எல்லையாக அமைந்தது. வரலாற்றில் இதற்கு ஒப்பான உதாரணங்கள் அதிகம் இல்லை என்றே நாம் கருதுகிறோம். அறுந்துபோன மரபுகளை மீளத் தொடங்குதலும் சங்கத்தின் பணியாயிற்று. டிசெம்பர் 5ஆந் திகதி புனித நிக்கலஸ் விழா கொண்டாடப்பட்டது. ஒல்லாந்த மொழிக் கல்வி ஊக்கப்படுத்தப்பட்டது. பாட்டன் வீட்டிற் பேசப்படாத மொழியைப் பேரன் வகுப்பிலே கற்க முனைந்தான்.

இப்பணிகளின் அச்சாணியாக விளங்கியவர் அரசாங்கச் சுவடிகள் காப்பாளராயிருந்த ஆர். ஜி. அந்தோனிஸ் (1852–1930). ஒல்லாந்தர் கால ஆவணங்களை முறைப்படுத்திப் பயன்படுத்தியோருள் அவர் முன்னோடி. அவரும் அவரைத் தொடர்ந்தோரும் வுல்வென்டால் முதலிய தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளைத் துருவி ஆராய்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்களில் வமிசாவளிகளை அமைத்தனர். அவர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இன்று ஒல்லாந்தர் காலச் சமூக வரலாற்றை எழுதப் புகுவோருக்கு அவ்வமிசாவளிகள் இன்றியமையாதவை. நோக்கம் குறுகியதாயினும் உழைப்பின் பயன் அகன்றதாயிருத்தல் உண்டு. ஆயின் அவ்வட்டவணைகளின் அமைப்பே ஒரு கருத்துநிலையைத் தாங்கி நிற்கிறது. தலைமகன், அவன் வந்த கப்பல், பிறந்த ஊர், வகித்த பதவி ஆகியன விரிவாகக் கூறப்படும். மனைவி ஒரு பெயர்; அப்பெயருக்கு முன் எதுவும் இல்லை. அவளுக்கும் தாய் தந்தையர் இருந்தனர் என்பது அட்டவணையின் தர்க்கத்துக்குப் புறம்பானது.

இதே சமயத்தில் எம்மவரை நோக்கியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தின் பூர்வ வரலாறாகப் போற்றப்படும் யாழ்ப்பாண வைபவமாலை, மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளின்பேரில் மயில்வாகனப் புலவர் இயற்றியது எனச் சிறப்புப்பாயிரம் கூறும். எந்தெந்தக் குடிகள் எங்கிருந்து வந்து எவ்வூரிற் குடியேறின என்று அந்நூல் நிரல்படுத்தும்போது அதுவும் ஒரு வந்தேறு பெருமையையே பதிவுசெய்கிறது. அங்கும் அடிமை குடிமைகள் பெயரின்றி வருவர்.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து முதலிற் கைப்பற்றிய கோட்டைகளுள் மட்டக்களப்பும் ஒன்று. அங்கும் திருகோணமலையிலும் வாழ்ந்த பறங்கியர் கத்தோலிக்கர். தச்சர், கொல்லர், தையற்காரர், சப்பாத்துத் தைப்போர், பிற்காலத்தில் இயந்திரத் திருத்துநர் எனக் கைத்தொழில் புரிவோர். கொழும்பின் ஒல்லாந்தப் பறங்கியர் இவர்களைத் தம்மவராகக் கொள்ளவில்லை. 'மெக்கானிக்' என்ற சொல்லை அவர்கள் இழிபெயராக வழங்கினர். ஒல்லாந்தர் ஆவணங்களில் 'தோப்பாசு' எனக் குறிக்கப்பட்டோரின் வழியினர் இவர் என்று ஒதுக்குவதும் உண்டு. டெனிஸ் மக்கில்வ்றே 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஒல்லாந்தர்–போர்த்துக்கேயர் என்ற இப்பிரிவு குருதியைச் சார்ந்தது என்பதிலும் பார்க்கத் தொழிலையும் வர்க்கத்தையும் சார்ந்தது என்பதைத் தெளிவுபடுத்திற்று. ஒல்லாந்தக் குடும்பப் பெயர் தாங்கியோர் மட்டக்களப்பிற் கிரியோல் பேசித் தச்சுவேலை செய்தனர். போர்த்துக்கேய வழித் தாய்மார் கொழும்பின் வமிசாவளிகளுள் நிறைந்திருந்தனர். எழுதுமேசையில் அமர்ந்தவன் ஒல்லாந்தன்; உளி பிடித்தவன் போர்த்துக்கேயன். பிரிவின் உண்மை இதுவே.

மொழியாராய்ச்சி மாணவருக்கு மட்டக்களப்புப் பறங்கியரின் கிரியோல் ஓர் அரிய களம். நூற்றாண்டுக் கணக்கிற் தமிழரோடு இணைந்து வாழ்ந்தமையால் அதன் சொற்கள் போர்த்துக்கேயமாயிருக்க, வாக்கிய அமைதி தமிழை ஒட்டியதாயிற்று. வினைமுற்று இறுதியில் வரும். முன்னிடைச் சொற்களின் இடத்திற் பின்னொட்டுகள் நிற்கும். இயன் ஸ்மித் முதலிய மொழியியலாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சங்கம் வகுப்பு நடத்தி மீட்க முயன்ற ஒல்லாந்த மொழி மீளவில்லை. எவரும் பேண முனையாத கிரியோல், பட்டறைகளிலும் திருமண வீட்டு ஆடல் பாடல்களிலும் இருபதாம் நூற்றாண்டைக் கடந்து வந்தது. அதன் வறிய குடும்பங்கள் பல வாழ்ந்த மட்டக்களப்புக் கடற்கரைக் குடியிருப்பின் பெயர் 'டச் பார்' என்பது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அக்குடியிருப்பைச் சிதைத்தது. பெயரளவிலேனும் ஒல்லாந்தராயிருந்த அவர்கள் எந்த வமிசாவளியிலும் இடம்பெற்றிருக்கவில்லை.

பறங்கியர் சமூகம் முழுவதும் பதிவேட்டுக்குள் அடங்கியிருந்தது என்று கொள்வதும் தவறு. ஏ. ஈ. புல்ஜன்ஸ் (1865–1916) ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பத்திற் பிறந்து, பௌத்தத்தைத் தழுவி, பிற்காலத்தில் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் அதிபராயிருந்தவர். 1893இற் கொழும்பு அச்சுத் தொழிலாளர் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றவரும் அவரே. வேலைநிறுத்தம் சில நாட்களில் முறிந்தது. ஆயினும் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தனா அங்கிருந்தே தொடங்குகிறார். உயர் நீதிமன்ற நீதியரசரின் மகனாகிய பீற்றர் கெனமன் (1917–1997) கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளரானார். பல்லினத் தொழிலாளர் வாழும் மத்திய கொழும்பு அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. இவர்களுக்கு முன்னோரும் இருந்தனர். ஆனால் வாக்களித்தோருக்கும் வேலைநிறுத்தம் செய்தோருக்கும் அவர்தம் வமிசாவளி தேவைப்படவில்லை.

வமிசாவளி உண்மையிற் தேவைப்பட்டது வேறோர் இடத்தில். 1956இற் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானதும் ஆங்கிலத்தையே ஆதாரமாகக் கொண்டிருந்த இச்சமூகத்தின் அடித்தளம் சரிந்தது. பெருந்தொகையானோர் அவுஸ்திரேலியாவை நோக்கினர். வெள்ளையருக்கே இடம் என்ற கொள்கையை அந்நாடு அப்போது கடைப்பிடித்து வந்தது. கலப்பினத்தவர் நான்கில் மூன்று பங்கேனும் ஐரோப்பிய வழியினராயிருத்தல் வேண்டுமென்றும், தோற்றத்திலும் பழக்கவழக்கத்திலும் ஐரோப்பியரை ஒத்திருத்தல் வேண்டுமென்றும் அதன் அதிகாரிகள் எதிர்பார்த்தனர். 1908இல் அந்தஸ்துக்காகத் தொகுக்கத் தொடங்கிய பக்கங்கள் அரை நூற்றாண்டின் பின் பிரயாணத்துக்கான சான்றிதழ்களாயின. 1953இல் ஏறத்தாழ 46,000 ஆக இருந்த பறங்கியர் தொகை 2012இல் ஏறத்தாழ 38,000. இதற்கிடையில் நாட்டின் சனத்தொகை இருமடங்குக்கு மேற் பெருகியிருந்தது. அவுஸ்திரேலியா அக்கொள்கையை முற்றாகக் கைவிட்டது 1973இல்.

தந்தைவழிப் பதிவின் பெறுமதியை இந்நாட்டிலே வேறு ஒரு மக்கட் கூட்டமும் அதே காலத்தில் அறிந்துகொண்டது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவன் வமிசாவளிப் பிரசையாகவேண்டின் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. ஒட்லியின் வரைவிலக்கணத்திற்போலவே தாய் கணக்கில் இல்லை. சங்கத்தின் விதியிற்போலவே ஆவணம் வேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளியின் பாட்டன் பெயர் எந்தத் தேவாலயப் பதிவிலும் இல்லை. அவனைப் பற்றித் தோட்டத்துரையும் கங்காணியும் எழுதிவைத்தவை செக்ரோலும், 1921வரை வழங்கிய துண்டுமே. துண்டில் எழுதப்பட்டது கடன். பிறந்த இடம் அன்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டபோது நாடற்றோராகக் கணிக்கப்பட்டோர் 9,75,000 பேர். அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென இரு அரசுகளும் உடன்பட்டன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதியும் இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பாட்டன் பூட்டன் பிறப்பைக் கேளாது பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். அப்போது ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் நூற்றாண்டுக்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன.